மூன்று மூச்சுக்குப் பிறகு

எத்மோனுக்குப் பக்கவாதம் வந்தபோது, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட தலத்தெரு முழுக்க வருத்தப்பட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்குப் பதக்கம் குத்திக்கொண்டு விறைப்பாக நிற்பவர், குடிக்காதவர், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போகிறவர். இப்படிப்பட்ட மனுஷனுக்கா என்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். அவர் மனைவி சுசானுக்காக யாரும் உச்சுக் கொட்டவில்லை. அவளுக்குத்தான் கை கால் நன்றாக இருக்கிறதே.

சுசானுக்கு இடது காது கேட்காது. கேட்டால் சின்ன வயசில் சீழ் பிடித்தது என்பாள். மழை நாளில் மணிக்கட்டு வலிக்கும்; அது பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. அந்த வீட்டுப் பாத்ரூம் அவளை வழுக்கிவிட்ட கதைகளை எல்லாம் சேர்த்தால் அதை இடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்திருக்க வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை ஊர் புரிந்துகொள்ளும், நாலு வார்த்தை திட்டவும் திட்டும். எத்மோன் குடிக்காமல் அடித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவசரமில்லாமல் அடித்தார். கல்யாணமான புதிதில் சுசான் போய் அழுதபோது அவள் பெரியம்மா, "கோவம் இருக்குற எடத்துலதான்டி கொணம் இருக்கும்" என்று சொல்லி, காப்பி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அந்தக் கணக்குப்படி எத்மோனைவிடக் குணவான் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

அப்பேர்ப்பட்டவரின் வலது பக்கம் ஒரு காலையில் செத்துப்போனது. பேச்சும் போனது. தமிழ் போய், பிரெஞ்சு போய், "ஏய்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. முப்பது வருஷத்துக்கு மேல் அவளை அவர் கூப்பிட்டது அப்படித்தான். இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் ஏய், வலித்தாலும் ஏய், ஜன்னலில் காக்கை உட்கார்ந்தாலும் ஏய். பிரான்சிலிருந்து மகள் லோரான்ஸ் வீடியோவில் பேசினாள். "ஏதாவது ஹோம்ல சேத்துட்டு நீ இங்க வந்துடு மா" என்றாள். அப்பா முகத்தைக் காட்டட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சுசான் போகவில்லை. அதைப் பாசம் என்று நினைத்தவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். படுத்துக் கிடப்பவரை விட்டுவிட்டு ஓடினாள் என்ற பேச்சுக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

முதலில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு காலை கஞ்சி கொடுக்கும்போது அவர் அதை அவள் முகத்தில் துப்பினார். வேண்டுமென்றே துப்பினாரா, வாய் கோணிப்போய் தெறித்ததா, சொல்ல முடியாது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவருடைய செத்த வலது கையை எடுத்து நகம் பதியும்படி அழுத்தினாள். விட மனமில்லாமல் அழுத்தினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக்கு ஓடிவந்து குழாயைத் திறந்து கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி வாங்கிய நாட்களில்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. இந்த மனிதர் பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி. தன் கை அவருடைய கையாக ஆகிவிடக் கூடாது. கடவுளிடம் அவள் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

எத்மோனைப் பார்த்துக்கொள்ள தினமும் காலையில் நஜீபா வருவாள். குவைத்தில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, கை கால்களை நீட்டி மடக்கிவிட்டு ஸ்கூட்டியில் அடுத்த வீட்டுக்குப் பறப்பாள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முழங்காலுக்கு நடுவில் தலையணையை எப்படிச் செருகுவது என்று சுசானுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். மறுநாள் எத்மோனின் கையைத் துடைக்கும்போது அந்த நகத் தடங்களை நஜீபா பார்த்தாள். துடைத்து முடித்தாள். கிளம்பும்போது வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"அக்கா, தியாகராசன் சாரு வீடு தெரியும்ல? காலேஜுல வாத்தியாரா இருந்தாரே. அவரு மாடியில சனிக்கெழம சாயங்காலம் கொஞ்ச பேரு உக்காந்து தியானம் பண்றாங்க. பிரஷர் பாக்க போவேன், பாத்திருக்கேன். பௌத்தமாம். போயி உக்காந்துட்டு வாங்களேன்."

"எனக்கு எதுக்கு நஜீபா?"

"எதுக்கோ. அந்த ஒரு மணி நேரம் நான் இவரப் பாத்துக்குறேன்."

மாதா கோயில் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்களிடம் பிபிக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சுசான் போனாள். சனிக்கிழமை என்றால் ஊரிலுள்ள ஆட்டோ எல்லாம் திருநள்ளாறுக்கு ஆள் ஏற்றப் போய்விடும். சனி பகவானிடமிருந்து ஒரு ஆட்டோவைப் பிடுங்கி அவள் அந்த மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதிப் பொறுமைப் பயிற்சி முடிந்துவிடும். தியாகராசன் ஒல்லியான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். பௌத்தத்தைப் படித்துப் படித்து ஒரு நாள் பௌத்தராகவே ஆகிவிட்டவர். முதல் நாளே எல்லாரும் போன பிறகு சுசான் அவரிடம் சொல்லிவிட்டாள். அடித்ததைச் சொன்னாள், நகத்தையும் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் கேட்டார்.

"கோவம் வர்றது தப்பு இல்லம்மா. வந்தது தெரியாம இருக்குறதுதான் ஆபத்து. ஒடம்புல எங்க வருது?"

சுசானை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, "உள்ளங்கையில சார்" என்றாள். "இந்தக் கையில. சுடும்."

"அத வெரட்டாதீங்க. அது சொல்றத செய்யவும் செய்யாதீங்க. பால் பொங்க வர்றப்ப பக்கத்துலயே நிக்கிறோம்ல, அந்த மாதிரி நில்லுங்க. கோவம் வந்திருக்கு, எனக்குத் தெரியுதுன்னு மனசுக்குள்ள சொல்லுங்க."

"அவரு ஏய்னு கூப்புடுறப்பதான் சார் வருது."

தியாகராசன் தம் முன்னால் இருந்த சின்ன வெண்கல மணியைக் காட்டினார். "அப்ப அந்தச் சத்தத்தையே மணியா வெச்சுக்குங்க. கேட்டதும் கையில இருக்குறத கீழ வைங்க. மூணு மூச்சு. உள்ள வர்றது தெரியணும், வெளிய போறது தெரியணும். அப்பறம் எழுந்து போங்க."

இவ்வளவுதானா என்றிருந்தது சுசானுக்கு. ஆனால் அது வேலை செய்தது. ஏய் என்று சத்தம் வரும். அரிவாள்மணையிலிருந்து கையை எடுப்பாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. உள்ளங்கையில் ஏறிய சூடு விரல் நுனிவரை போய் அங்கே நிற்பது தெரியும். பல்லைக் கடித்திருப்பது தெரியும்; தெரிந்ததும் பல் தானாக விடும். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொடுப்பாள். சில நேரம் அந்த மூன்றாவது மூச்சில் அழுகை வரும். அழுதுகொண்டே போய்த் தண்ணீர் கொடுத்த நாளும் உண்டு. அந்த நாட்களில் அவள் கை அவர்மேல் கனமாக விழவில்லை. இரவில் படுக்கும்போது தன் கையைத் தானே பார்த்துக்கொள்வாள், பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கும்.

கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது, அந்தச் சந்தோஷத்தில். மூன்று மூச்சுக்குப் பிறகும் சூடு கொஞ்சம் மிச்சம் இருப்பதை அவள் ஒரு நாள் கவனித்தாள். அந்தச் சூட்டோடு போய் அவரைத் தொட வேண்டுமா? இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் அதுவும் ஆறிவிடுமே. உட்கார்ந்தாள், ஆறியது. அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கோபம் இருக்கும்வரை அவரைத் தொடுவதில்லை. சனிக்கிழமை இதைச் சொன்னபோது மாடியில் இருந்தவர்கள் எல்லாம் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். "பெரிய விரதம்மா இது" என்று தியாகராசன் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். சுசானை வாழ்க்கையில் யாரும் பெரியதாக எதற்கும் பாராட்டியதில்லை. அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தச் சமயத்தில் நஜீபாவின் உம்மா ஆஸியா பீவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். இது நிஜமாகவே பாத்ரூமில் விழுந்தது. நஜீபா சில வாரம் லீவு போட்டாள். வேறு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "நான் பாத்துக்குறேம்மா, நீ உம்மாவப் பாரு" என்று சுசான் சொன்னாள். நஜீபாவுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தச் சில மாதங்களில் அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருப்பதை அவளே நான்கு பேரிடம் சொல்லியிருந்தாள்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஆனார்கள். சனிக்கிழமை போக முடியாததால் சுசான் வீட்டிலேயே உட்கார்ந்தாள். காலையில் கூடத்தில் பாயை விரித்து உட்காருவாள். அறைக்குள்ளிருந்து ஏய் என்று கேட்கும். கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையைப் பார்ப்பாள். சுடும். ஆறட்டும் என்று இருப்பாள். மறுபடி ஏய். மணி அடிக்கிறது, அவ்வளவுதான், மணிக்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா? சத்தம் வருகிறது, சத்தம் போகிறது. மூச்சு வருகிறது, மூச்சு போகிறது. அறையிலிருந்து மூத்திர வாடை வரும். வாடை வருகிறது என்று அறிந்துகொள்வாள். வெயில் வாசற்படியிலிருந்து ஏறி கூடத்துக்குள் வந்துவிடும். சில நாள் சீக்கிரம் ஆறியது. சில நாள் மதியம் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தாள். எழுந்த பிறகு அவரை அவ்வளவு மெதுவாகத் துடைத்தாள், அவ்வளவு பதமாகத் தண்ணீர் புகட்டினாள், பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பார்க்க யாரும் இல்லை.

புரட்டிப் படுக்க வைப்பதற்குத்தான் அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும். மார்போடு மார்பு உரசும். அந்த வியர்வை நாற்றம் மூக்கில் ஏறியதும் கை கொதிக்கும். அதனால் அது தள்ளித் தள்ளிப் போனது. நாள் போகப் போக அவர் கூப்பிடுவதும் குறைந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தன்னுடைய அமைதி அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சுசான் நம்பினாள். அதை லோரான்ஸிடம் ஃபோனில் சொல்லவும் செய்தாள்.

நஜீபா திரும்பி வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். சுசானை விலக்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் போர்வையை இழுத்தாள். எத்மோனைத் தோளில் பிடித்து ஒருக்களித்துப் பார்த்தாள். முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்த அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

"யா அல்லாஹ்" என்றாள் நஜீபா. பிறகு திரும்பினாள். "அக்கா, இவர எப்பக்கா கடைசியா பெரட்டிப் போட்டீங்க?"

சுசானுக்கு உள்ளங்கை சுட்டது. கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள்.

"மூச்சு விடாதீங்க! பதில சொல்லுங்க!" நஜீபா கத்தினாள். "எங்க உம்மாவ ராவும் பகலுமா பெரட்டிப் போட்டுட்டு வர்றேன், ஒரு செவப்பு விழல ஒடம்புல. இங்க எலும்பு தெரியுது. ஜொரம் கொதிக்குது. இவரு கூப்புடவே இல்லையா?"

"கூப்பிட்டாரு."

"கூப்பிட்டா?"

"நான் கோவத்தோட தொடக் கூடாதுன்னு…" சுசான் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த வார்த்தை வாயை விட்டு வந்தபோது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே கேட்டது, கேட்கிற அந்த ஒரு காதில்.

நஜீபாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆத்திரத்தில். "இவரு ஒங்கள என்ன பண்ணுனாருன்னு எனக்குத் தெரியும். தலத்தெருவுல தெரியாதவங்க யாரு? எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தோம். நானுந்தான். ஆனா புண்ணுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. அது ஆளு பாத்து வராது." ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். சுசான் வாயைத் திறப்பதற்குள் நஜீபா முந்திக்கொண்டு, காற்று மெத்தை பழுதாகிவிட்டது, நான் லீவில் இருந்தேன் என்று சொன்னாள். வராந்தாவுக்கு வந்ததும், "ஒங்களுக்காகப் பொய் சொன்னேன்னு நெனைக்காதீங்க. ஒங்களப் புடிச்சு கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தா அவர யாரு பாக்குறது, அதுக்குத்தான்" என்றாள். அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த கிழவி சுசானுக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்து, "ஒத்தப் பொம்பளயா எத்தன நாளு தாங்குவ, மகராசி" என்று முதுகைத் தடவினாள். சுசான் அந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வெட்டிச் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தாங்காது என்றார்கள்.

சாயங்காலம் அவள் தியாகராசன் வீட்டுக்கு நடந்தே போனாள். சனிக்கிழமை இல்லை; மாடி காலியாகக் கிடந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரதத்தை, பாயை, வெயில் ஏறியதை, புண்ணை. தியாகராசன் முன்னால் இருந்த மணியைத் தள்ளி வைத்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"நீங்க உக்காந்திருந்த நேரமெல்லாம் அவரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு சார்."

"அத நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்." அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. "எனக்குக் கேக்கத் தோணல. எங்க அம்மா கெடையில கெடந்தப்ப எல்லாம் என் தங்கச்சிதான் பாத்தா. எடுத்துப்போட்டது, கழுவுனது, எல்லாம் அவதான். நான் மேல உக்காந்திருந்தேன். கீழேருந்து சத்தம் வரும். அதையும் மூச்ச மாதிரி எப்படிக் கவனிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"இப்ப நான் என்ன சார் பண்றது?"

"தெரியலம்மா" என்றார். அவள் அவரிடம் கேட்டதிலேயே அவர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்மேல் சுசானுக்குக் கோபம் வந்தது. உள்ளங்கையில் இல்லை, வயிற்றில் வந்தது. பெரிய விரதம் என்று சொன்ன வாய் இதுதானே என்று நினைத்தாள். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

இரவு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பழகின தோஷத்தில் மூச்சு தானாக நிதானத்துக்கு வந்தது. மூச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். இந்தத் தடவை நழுவவிடாமல் பார்த்தாள். அறைக்குள் ஒருவன் கூப்பிடுகிறான், வெளியே ஒருத்தி எழுந்திருக்காமல் இருக்கிறாள். அவளுக்குள் என்ன இருந்தது? அமைதி இருந்தது, பொய் இல்லை. அந்த அமைதிக்கு அடியில் ஒரு தித்திப்பு இருந்தது. கூப்பிடு. இன்னும் கூப்பிடு. முன்பு ஒரு கார்த்திகை மழையில் கதவைச் சாத்திவிட்டு அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோரான்ஸை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்து வந்தார். அதே நிதானம். கோபம் எங்கேயும் போகவில்லை, சம்மணம் போட்டு உட்காரக் கற்றுக்கொண்டிருந்தது. பிரான்சுக்கு மகளிடம் போகாமல் இந்த வீட்டிலேயே ஏன் தங்கினோம் என்பதும் இப்போது தெரிந்தது. இவரைத் தன் கையை எதிர்பார்த்துக் கிடக்க வைக்கத்தான். சுசான் பெஞ்சிலிருந்து எழுந்து போய் வாஷ்பேசின் குழாயைத் திறந்து கையைத் தண்ணீருக்கடியில் நீட்டினாள்.

இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நஜீபா காலையும் மாலையும் வந்து புண்ணைக் கழுவிக் கட்டினாள். சுசானோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. "புடிங்க. தூக்குங்க. விடாதீங்க." அவ்வளவுதான். கழுவும்போது எத்மோன் சத்தம் போடுவதில்லை. ஏய் என்பதும் நின்றுபோயிருந்தது. நஜீபா இல்லாத நேரத்தில் சுசான் கடிகாரத்தைப் பார்த்துப் புரட்டிவிட்டாள். உள்ளங்கை சுட்டது. சுடச்சுடத்தான் தொட்டாள். சூடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, அது விரலுக்கு வந்து அழுத்தச் சொல்வது தெரிந்துகொண்டே, அழுத்தாமல் புரட்டினாள். தியாகராசன் வீட்டு மாடியில் உட்கார்ந்ததைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. கண்ணை மூட முடியாது. நேரம் கேட்க முடியாது. ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பாஸானது மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் அவர் படுக்கையை நனைத்துவிட்டார். நஜீபா வர இன்னும் நேரமிருந்தது. சுசான் பேசினில் வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகில் வைத்தாள். அவரைப் பார்த்ததும் அன்றைக்கு ஏனோ எல்லாம் சேர்ந்து வந்தது, காதும் மணிக்கட்டும் மழையும் புண்ணும். உட்காரப் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"எனக்கு ஒங்க மேல கோவங்க. செத்தாலும் அது போகாது. என் மேலயும் கோவம். ஒங்களப் புண்ணாக்கிப் போட்டேன். ரெண்டும் இருக்கு. இருக்கட்டும். இப்ப துணிய மாத்தணும், நனைஞ்சு கெடக்குறீங்க."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. அவருடைய தோளுக்குமேல் சுருண்டு கிடந்த போர்வையை எடுக்க அவள் குனிந்து வலது கையைத் தூக்கினாள்.

எத்மோனுக்கு இடது கை மட்டும்தான் உயிரோடு இருந்தது. எலும்பும் தோலுமான அந்தக் கை சட்டென்று எழும்பி அவர் முகத்தை மூடிக்கொண்டது. முழங்கை வெளியே நீட்டிக்கொண்டு, உள்ளங்கை காதைப் பொத்திக்கொண்டு. கைக்கு அடியில் தெரிந்த கண் இறுக மூடியிருந்தது. சத்தமே இல்லை. சத்தம் போட்டால் இன்னும் ஒன்று விழும் என்பது, இத்தனை வருஷம் எதிரில் நின்று அவளைப் பார்த்துப் பார்த்து, அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது.

சுசான் தூக்கிய கையோடு நின்றாள். அவள் அவரை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அந்த நிலையை அவளுக்கு உள்ளிருந்து தெரியும். முழங்கை எந்தக் கோணத்தில் நிற்கும், காதுக்குள் என்ன இரையும், கண்ணை மூடிக்கொண்டால் எப்போது விழும் என்று தெரியாமல் வயிறு எப்படி இழுக்கும், எல்லாம் தெரியும். எந்தக் கையாக ஆகிவிடக் கூடாது என்று இவ்வளவு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, அந்தக் கை அவள் தோளிலிருந்து எழும்பி நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை, அடித்துப் போட்டது மாதிரி இருந்தது.

கையை மெல்ல இறக்கினாள். "அடிக்க மாட்டேன்" என்றாள்.

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அதைத் தன்னிடம் சொன்னால் எப்படியிருக்கும் என்று அவள் எத்தனையோ இரவு நினைத்துப் பார்த்திருக்கிறாள். இன்னொரு தடவை சொன்னாள். பேசினில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அவரை அணைத்துப் பிடித்து ஒருக்களித்து, நனைந்த துணியை உருவி, துடைத்து, உலர்ந்ததைப் போட்டு, முழங்காலுக்கு நடுவில் தலையணையைச் செருகினாள். அவ்வளவு நேரமும் அவர் முகத்தை மூடிய கை இறங்கவே இல்லை. அந்தக் கட்டிலில் அவள் கிடந்திருந்தாலும் இறக்கியிருக்க மாட்டாள்.